அப்பாவுக்கும் வயதாகிறது

எந்தத் திருமணத் தகவல் பக்கத்தை எடுத்தாலும் மணமகன் வயது 36, 39, 41 என்று வரிசையாக இருக்கும். அதே விளம்பரத்தின் கடைசி வரியில், 'பெண் 30-க்குள் இருக்க வேண்டும்' என்று போட்டிருப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் என்ன கணக்குப் போடுகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். "பொண்ணுக்கு வயசு ஏறிட்டா பிள்ளை தங்காது. ஆம்பளைக்கு என்ன, எழுபதுலகூடப் பெத்துக்கலாம்!"

இந்தக் கணக்கின் முதல் பாதி சரி. 35 வயதுக்கு மேல் கருமுட்டைகள் எண்ணிக்கையிலும் தரத்திலும் வேகமாகக் குறைகின்றன. இரண்டாம் பாதியில்தான் கோளாறு. எழுபதில் தகப்பனானவர்கள் இருக்கிறார்கள். 2012-ல் ஹரியானா விவசாயி ஒருவர் 96 வயதில் இரண்டாவது மகனுக்குத் தந்தையானதாகச் சொன்னபோது உலகப் பத்திரிகைகளெல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்றன. ஆனால், ஆக முடியும் என்பது வேறு; 25-ல் ஆவதும் 45-ல் ஆவதும் ஒன்றுதான் என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதன் பாரம் முழுவதும் நம் வீட்டுப் பெண்களின் தலையில் இறங்கியிருக்கிறது. கல்யாணமாகி நான்கு மாதமானாலே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று மருமகளைக் கேட்கும் ஊரில், மாப்பிள்ளையின் வயதை யாரும் விசாரிப்பதில்லை.

ஆணின் உடலிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பெண்ணுக்கு ஓடுவதுபோல அது ஒரு வயதில் நின்றுவிடுவதில்லை. மெதுவாகப் பின்தங்கிக்கொண்டே போகிறது. சத்தமில்லாமல் நடப்பதால் அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

புது அணு, பழைய மூலம்

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் முட்டைகள் இருக்கின்றன. அவள் பெரியவளாகும்போது மூன்று, நான்கு லட்சம் மிஞ்சும். அதன்பின் கரைந்துகொண்டே போகும் கையிருப்பு அது; புதிதாக ஒன்றும் சேராது. ஆணுக்கு அப்படியில்லை. பருவ வயதில் தொடங்கும் விந்தணு உற்பத்தி சாகும்வரை நடக்கும். நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் உருவாகின்றன. ஒரு விந்தணு முழுதாக உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. ஆக, 60 வயதுக்காரரின் விந்தணுவும் மூன்று மாதத்துக்குள் உருவான புத்தம்புதுசுதான். 'ஆம்பளைக்கு வயசே கிடையாது' என்ற நம்பிக்கைக்கு இதுதான் வேர்.

அணு புதுசு. அதைப் பெற்றெடுக்கும் மூலச்செல் புதுசில்லை. விரைக்குள் இருக்கும் மூலச்செல்கள் ஆண்டுக்குச் சுமார் 23 முறை பிரிகின்றன. ஒவ்வொரு முறையும் 300 கோடி எழுத்துகள் கொண்ட மரபுத் தொகுதி முழுவதும் பிரதி எடுக்கப்படுகிறது. அமெரிக்க மரபியலாளர் ஜேம்ஸ் க்ரோ போட்ட கணக்கு இது: 20 வயது ஆணின் விந்தணுவுக்குப் பின்னால் 150 பிரிவுகள் இருக்கின்றன, 30-ல் 380, 40-ல் 610, 50-ல் 840. கருமுட்டைக்கு இரண்டு டஜன் பிரிவுகள்தான். அவையும் அந்தப் பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே முடிந்துவிடுகின்றன.

ஏட்டுச்சுவடியைப் பார்த்து ஏடெழுதியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கவனமானவரும் ஓரிடத்தில் ஓர் எழுத்தை மாற்றிவிடுவார். அந்தப் பிரதியைப் பார்த்து எழுதுபவர் அந்தப் பிழையோடு தன் பிழையையும் சேர்ப்பார். அறுநூறாவது பிரதியில் பாடபேதங்கள் கூடியிருக்கும். பெரும்பாலானவை பொருளைக் கெடுக்காதவை. எங்கோ ஒன்று ஒரு வரியையே கெடுத்துவிடும்.

மரபணுப் பிழைகளின் கதையும் இதுவே. உடலில் பிழை திருத்தும் நொதிகள் உண்டு. வயதாக ஆக அவற்றின் சுறுசுறுப்பு குறைகிறது. தவிர, முதிர்ந்த விந்தணு தன் உள்ளிருப்பில் பெரும்பகுதியை உதறிவிட்டு, தலையில் மரபுப் பொருளும் பின்னால் ஒரு வாலுமாகப் புறப்படுகிற ஜீவன். வழியில் தன் இழை உடைந்தால் தானே ஒட்டிக்கொள்ளும் திறன் அதற்கில்லை. புகை, சர்க்கரை, உடற்பருமன், சூடு எல்லாம் சேர்ந்து அந்த இழைகளை உடைக்கின்றன. உடைந்ததைக் கருமுட்டை ஓரளவுக்குச் சரிசெய்யும். அந்த முட்டைக்கும் 37, 38 வயது என்றால் அதன் திறமையும் குறைந்திருக்கும்.

ஸ்டுட்கார்ட் டாக்டரின் சந்தேகம்

இது நேற்று முளைத்த கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1912-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க், அகாண்ட்ரோபிளேசியா என்ற எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டோடு, குட்டையான கைகால்களுடன் பிறக்கும் பிள்ளைகளைக் கவனித்தார். பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்களாக இருக்கும் வீடுகளில், இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் கடைக்குட்டிகளாக இருந்தார்கள். மரபணு எந்தப் பொருளால் ஆனது என்றே உலகம் அறியாத காலம் அது. ஆனாலும் ஏதோ புதிதாக மாறுகிறது என்று அவர் ஊகித்தார்.

கடைக்குட்டி என்றால் அம்மாவுக்கும் வயது கூடியிருக்கும், அப்பாவுக்கும் கூடியிருக்கும். யார் வயதால் வந்தது? 1955-ல் லண்டன் மரபியலாளர் லயனல் பென்ரோஸ் இரண்டையும் பிரித்துக் கணக்குப் போட்டார். தாயின் வயதுக்கும் பிறந்த வரிசைக்கும் இதில் பங்கில்லை, தந்தையின் வயதுதான் என்று விடை வந்தது. அதற்கு முன்பே, 1947-ல், ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயுள்ள குடும்பங்களை ஆராய்ந்த ஜே.பி.எஸ். ஹால்டேன், புதிய மரபு மாற்றங்கள் பெண்ணைவிட ஆணிடமே பல மடங்கு அதிகம் தோன்றுகின்றன என்று எழுதியிருந்தார். பின்னர் இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் கண்ணை மூடிய அதே ஹால்டேன்தான்.

எவ்வளவு என்று துல்லியமாக எண்ணிச் சொல்ல மட்டும் இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அதற்கு ஐஸ்லாந்து வந்து சேர்ந்தது. சில லட்சம் பேரே வாழும் அந்தத் தீவில் குடும்பங்களின் வம்சாவளி நூற்றாண்டுக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. அதன் தலைநகரில் காரி ஸ்டெஃபான்சன் தொடங்கிய டிகோட் நிறுவனம் 78 குடும்பங்களில் அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் மரபுத் தொகுதியையும் எழுத்து எழுத்தாகப் படித்தது. பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் மட்டும் புதிதாக இருக்கும் எழுத்துகள் எத்தனை, அவை யார் வழியாக வந்தன என்று தேடினார்கள். 2012-ல் முடிவு வெளியானது. 20 வயதுத் தந்தையிடமிருந்து ஏறத்தாழ 25 புதுப் பிழைகள் வருகின்றன. 40 வயதுத் தந்தையிடமிருந்து 65. ஆண்டுக்கு இரண்டு வீதம் கூடுகிறது. தாய் தருவது சுமார் 15.

ஐந்தாண்டு கழித்து 1,548 குடும்பங்களில் மறுபடி பார்த்தபோது, தந்தையின் வயது ஓராண்டு கூடினால் ஒன்றரை, தாயின் வயது ஓராண்டு கூடினால் 0.37 என்று கணக்கு இன்னும் நேர்த்தியானது. தாயின் வயதும் சும்மா இல்லை. ஆனால், ஒரு பிள்ளைக்குப் புதிதாக வந்து சேரும் எழுத்துப் பிழைகளில் ஐந்தில் நான்கு அப்பா வழியாக வருகின்றன என்பது உறுதிப்பட்டுவிட்டது.

படிக்கும் 40 வயது அப்பாக்கள் பதற வேண்டாம். 300 கோடி எழுத்துகளில் 65 என்பது சிறு துளி. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்த வேலையும் செய்யாத இடங்களில் விழுகின்றன. நம் ஒவ்வொருவரிடமும் இப்படிப்பட்ட புதுப் பிழைகள் சில டஜன் இருக்கின்றன. அவற்றோடுதான் நாம் நன்றாக வாழ்கிறோம்.

பிழையே பெருகினால்?

ஆனால் சீராக ஏறும் இந்தக் கணக்குக்கு அடங்காத ஒன்று இருந்தது. அகாண்ட்ரோபிளேசியாவை உண்டாக்குவது ஒரே ஒரு எழுத்து மாறுவதுதான். மண்டையோட்டு எலும்புகள் சீக்கிரமே மூடிக்கொண்டு, கை கால் விரல்கள் ஒட்டிப் பிறக்கும் ஏபர்ட் நோய்க்கும் அப்படித்தான். ஆக்ஸ்ஃபோர்டில் 1996-ல் ஏபர்ட் நோயுள்ள 57 பேரை ஆராய்ந்தார்கள். 57 பேருக்கும் அந்த எழுத்து மாறியது தந்தை வழியில். ஒரு விதிவிலக்குகூட இல்லை. மேலும், அந்தக் குறிப்பிட்ட எழுத்து மாறும் வேகம் மற்ற எழுத்துகளைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகமாகத் தெரிந்தது. பிரதிப் பிழை மட்டும் என்றால் ஓரிடத்தில் மட்டும் ஏன் இப்படிக் குவிய வேண்டும்?

ஆன் கோரியலியும் ஆண்ட்ரூ வில்கியும் அதே ஆக்ஸ்ஃபோர்டில் 2003-ல் விடை சொன்னார்கள். அந்த எழுத்து அடிக்கடி மாறுவதில்லை. எப்போதோ ஒருமுறைதான் மாறுகிறது. ஆனால் மாறிய மூலச்செல்லுக்குப் பக்கத்துச் செல்களைவிடப் பெருகும் வலு வந்துவிடுகிறது. இந்த மரபணுக்கள் செல்லுக்கு 'வளர்' என்று கட்டளை தருபவை. கட்டளை பழுதாகி எந்நேரமும் ஒலித்துக்கொண்டே இருந்தால் அந்தச் செல் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு விந்துக்குழலில் ஒரு திட்டாகப் பரவுகிறது. வயது ஏற ஏறத் திட்டும் விரிகிறது. பிள்ளைக்குக் கேடு செய்யும் பிழை, தந்தையின் விரைக்குள் வெற்றி பெறுகிறது. உயிரியலில் நான் படித்தவற்றுள் என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

அதுவரை அப்படிச் சில மரபணுக்களே தெரிந்திருந்தன. 2025-ல் இங்கிலாந்தின் சேங்கர் ஆய்வு நிலையம் 24 முதல் 75 வயது வரையிலான ஆண்களின் விந்தணுக்களை மிக நுணுக்கமாகப் படித்துப் பார்த்தது. இப்படி வலுப்பெறும் மரபணுக்கள் 40 என்று தெரிந்தது. முப்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களிடம் விந்தணுக்களில் சுமார் 2 சதவீதம் நோய் தரக்கூடிய பிழையைச் சுமக்கின்றன. நடு வயதிலும் முதுமையிலும் இது 3 முதல் 5 சதவீதம் ஆகிறது. அவற்றில் எல்லாமே கருவாவதில்லை. கருவானதில் பல நிலைப்பதும் இல்லை. ஆகவே இதைப் பிறக்கும் பிள்ளைகளின் சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மூலச்செல்லுக்கு வயதாகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

'கவுண்ட் நார்மல்' என்ற சீட்டு

மரபணுவை விட்டுவிட்டு, கருத்தரிப்பு மையத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பதியின் கவலைக்கு வருவோம். பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்கியதும் ஆண்கள் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான். கவுண்ட் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லி லிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள் என்பது கீழ்வரம்பு. அதற்கு மேல் இருந்தால் 'எனக்கு ஒண்ணும் குறையில்லை' என்று சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள்.

வயதால் முதலில் அடிபடுவது கவுண்ட் இல்லை. விந்தின் அளவு குறைகிறது. அணுக்களின் நீந்தும் வேகம் குறைகிறது. உருவம் சரியாக உள்ளவற்றின் பங்கு குறைகிறது. மரபு இழை உடைந்த அணுக்கள் கூடுகின்றன. கடைசியாகச் சொன்னதைச் சாதாரண விந்துப் பரிசோதனை காட்டவே காட்டாது. டிஎன்ஏ சிதைவுப் பரிசோதனை என்று தனியாகச் செய்ய வேண்டும். எல்லோருக்கும் அது தேவையில்லை. கரு திரும்பத் திரும்பக் கலையும்போது மருத்துவர்கள் எழுதித் தருவார்கள்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 8,500-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்து 2000-ல் வெளியான ஆய்வு, மனைவியின் வயதைத் தனியே கழித்துவிட்டுப் பார்த்தது. அப்போதும், கணவருக்கு 35-க்கு மேல் என்றால் ஓராண்டுக்குள் கருத்தரிக்கும் சாத்தியம், 25-க்குக் குறைந்த கணவர்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. மூன்றாண்டு கழித்து ஹல் நகரிலிருந்து வந்த ஆய்வில், 45-ஐத் தாண்டிய ஆண்களின் மனைவியர் கருத்தரிக்க ஐந்து மடங்கு காலம் ஆனது. 2002-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஐரோப்பியத் தம்பதிகளிடம் கருச்சிதைவுகளைப் பார்த்தார்கள். பெண்ணுக்கு 35-க்கு மேலும் ஆணுக்கு 40-க்கு மேலும் இருந்தபோது ஆபத்து தெளிவாகக் கூடியிருந்தது.

கருச்சிதைவு நடந்த வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? "மாடிப்படி ஏறினியா? பப்பாளி சாப்பிட்டியா? வண்டியில போகாதேன்னு சொன்னேனே!" ரத்தப்போக்கோடு படுத்திருப்பவளிடம் விசாரணை நடக்கிறது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் தானாகவே நின்றுபோனவை. படிக்கட்டுக்கும் பப்பாளிக்கும் அதில் தொடர்பில்லை. அந்தக் கருவில் சரிபாதி கணவருடையது என்பதை யாராவது ஒருவர் அந்த அறையில் சொல்ல வேண்டும்.

கர்ப்பம் நிலைத்த பிறகும் தந்தையின் பங்கு முடிவதில்லை. நஞ்சுக்கொடி உருவாவதில் தந்தை வழி மரபணுக்கள் பெரிய வேலை செய்கின்றன என்பது 1984-ல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியும் அவருடன் பணியாற்றியவர்களும் எலிக் கருக்களில் காட்டிய உண்மை. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் அமெரிக்காவில் பத்தாண்டுகளில் பிறந்த நான்கு கோடி குழந்தைகளின் பதிவுகளை அலசியபோது, தந்தைக்கு 45-க்கு மேல் என்றால் குறைமாதப் பிரசவத்துக்கான சாத்தியம் 14 சதவீதம் கூடியிருந்தது. தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வருவதும் சற்று அதிகம்.

மனநலம் பற்றிய ஆய்வுகளை நிதானமாகவே படிக்க வேண்டும். ஜெருசலேமில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2001-ல் வந்த ஆய்வு, 45-49 வயதுத் தந்தையரின் பிள்ளைகளுக்கு மனச்சிதைவு நோய் வரும் சாத்தியம் இரண்டு மடங்கு, 50-க்கு மேல் மூன்று மடங்கு என்றது. ஆட்டிசம் பற்றி 2006-ல் இஸ்ரேலிலிருந்தே வந்த ஆய்வு ஏறத்தாழ ஆறு மடங்கு என்று சொல்லித் திகைக்க வைத்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அந்த எண் மிகவும் இறங்கிவிட்டது. மனச்சிதைவு பொதுவாகவே நூற்றுக்கு ஒருவர் அளவில் வரும் நோய். இரண்டு மடங்கு என்றால் நூறில் இரண்டு. மீதி 98 பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அதோடு, 2016-ல் ஆஸ்திரேலிய மரபியலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, புதுப் பிழைகள் மட்டும் இந்த உயர்வை விளக்கப் போதாது என்றார்கள். பழகக் கூச்சப்படும், தனித்திருக்கும் சுபாவமுள்ளவர்களுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது; அந்தச் சுபாவத்தின் மரபுக்கூறுதான் பிள்ளைக்கும் போகிறது என்றும் இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் ஒரு தகப்பனைப் பார்த்து 'லேட்டா பெத்துக்கிட்டதால வந்துச்சு' என்று சொல்லும் உரிமையை எந்த ஆய்வும் யாருக்கும் தரவில்லை.

வயதான அப்பாவிடமிருந்து நல்லதும் வரலாம். பிலிப்பைன்ஸின் செபு தீவில் நடந்த ஆய்வில், தந்தை மட்டுமல்லாமல் தாத்தாவும் தாமதமாகப் பிள்ளை பெற்றிருந்தால், பேரப்பிள்ளைகளின் குரோமோசோம் முனைகள் நீளமாக இருந்தன. முனை நீளமாக இருப்பது செல் மூப்படைவதைத் தள்ளிப்போடும் அறிகுறி. ஆகவே, கதை ஒரே பக்கம் சாய்வதில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்?

உலகெங்கும் அப்பாக்களுக்கு வயது கூடிக்கொண்டுதான் போகிறது. அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளின் தந்தையருக்குச் சராசரி வயது 1972-ல் 27.4, 2015-ல் 30.9. அங்கே காரணம் படிப்பு, வேலை, கருத்தடை வசதி. நம் ஊர்க் காரணங்கள் வேறு. இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத்தான் தனக்கு என்று நிற்கும் அண்ணன். வீட்டுக் கடனுக்காக துபாயிலோ கத்தாரிலோ பத்து வருஷம் கழித்துவிட்டு வருபவர். ஜாதகத்தில் செவ்வாய், ராகு, கேது என்று பொருத்தம் தட்டிக்கொண்டே போகும் வரன். சொந்த வீடு, நிரந்தர வேலை இருந்தால்தான் பெண் என்ற நிபந்தனை. இவர்கள் யாரும் விளையாட்டாகத் தள்ளிப்போட்டவர்கள் இல்லை.

இன்னொரு காரணத்தை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. சேலம் மாவட்டத்தில் 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 850 அளவில்தான் பெண் குழந்தைகள் இருந்தார்கள். பெண் சிசுக்கொலை அந்த அளவுக்கு இருந்ததால்தான் 1992-ல் அங்கே தொட்டில் குழந்தைத் திட்டமே தொடங்கியது. அன்று ஆறு வயதுக்குள் இருந்த அந்தப் பையன்களுக்கு இன்று முப்பதுகளின் நடுப்பகுதியைத் தாண்டிவிட்டது. பெண் கிடைக்கவில்லை என்று தரகர்களுக்குப் பணம் கட்டி, எல்லை தாண்டிக் கேரளம் வரை வரன் தேடும் மேற்கு மாவட்டக் குடும்பங்களின் துயரத்தில், பிறக்க விடாத, வளர விடாத அந்தப் பெண்களும் இருக்கிறார்கள். பெண்ணைக் கொன்ற சமூகம் தன் ஆண்களின் தகப்பனாகும் வயதையும் தள்ளிவைத்துவிட்டது.

கல்யாணம் தாமதமான பிறகு நடப்பது இன்னும் கொடுமை. வழக்கமான பாதையைப் பாருங்கள். முதல் வருஷம் திருக்கருகாவூர் நெய், ராமேஸ்வரம் தீர்த்தம். இரண்டாம் வருஷம் மகளிர் மருத்துவர். மனைவிக்கு ரத்தப் பரிசோதனை, முட்டை வளர்ச்சியைப் பார்க்க ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன், கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று சாயம் செலுத்தி எக்ஸ்ரே, சில சமயம் லேப்ராஸ்கோப்பியும். சாயம் ஏறும்போது எப்படி வலிக்கும் என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகே சிலர், 'சார் ஒரு டெஸ்ட் பண்ணிடலாமே' என்று தயங்கித் தயங்கிக் கணவரிடம் வருகிறார்கள். எல்லாப் பரிசோதனைகளிலும் மலிவானது, வலியில்லாதது, உடலைத் தொடாதது விந்துப் பரிசோதனை. குழந்தையின்மைக்கு வரும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. அப்படியிருக்க முதலில் செய்ய வேண்டியது கடைசிக்குப் போய்விடுகிறது. அந்த இரண்டு வருஷத்தில் அவளுடைய முட்டைகளுக்கும் இரண்டு வயது கூடிவிடுகிறது.

ஆண்கள் ஏன் ஓடுகிறார்கள்? விந்தணுக் குறையையும் ஆண்மைக்குறைவையும் ஒன்றென்று நினைப்பதால். தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத ஒருவருக்கு அணுக்களே இல்லாமல் இருக்கலாம். இந்தக் குழப்பத்தை முதலாக வைத்து லாட்ஜில் அறை எடுத்து முகாம் போடும் வைத்தியர்கள் பிழைக்கிறார்கள். பரிசோதனைக்குப் போக வெட்கப்படும் ஆண், அவர்களிடம் ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு வருகிறார்.

ஐம்பத்தைந்து வரை தானம்

2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்பு முறைப்படுத்தும் சட்டம், சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று உச்ச வயது வைத்திருக்கிறது. ஆணுக்கும் ஒரு வரம்பு உண்டு என்று நாடு ஒப்புக்கொண்டது நல்ல விஷயம். அதே சட்டத்தில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. கருமுட்டை தானம் தருபவருக்கு 23 முதல் 35 வயதுதான் இருக்க வேண்டும். விந்து தானம் தருபவர் 55 வயது வரை இருக்கலாம்! தன் குழந்தையை 50-ல் பெற விரும்பும் ஒரு மனிதரின் ஆசைக்கு மரியாதை தரலாம். யாரோ ஒரு தம்பதி நம்பிக்கையோடு வாங்கும் தான விந்துக்கு ஏன் அந்த வயது? பிரிட்டனில் தானம் தருபவருக்கு 45 உச்சம். அமெரிக்க மருத்துவர்கள் 40-க்குள் இருப்பதே நல்லது என்கிறார்கள். மூலச்செல் பற்றி இத்தனை தெரிந்த பிறகும் நம் சட்டத்தில் அந்த எண் அப்படியே இருப்பது சரியில்லை. அதைத் திருத்த வேண்டும்.

1992-ல் பிரஸ்ஸல்ஸில் வந்த இக்ஸி முறை, ஒரே ஒரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்திவிடும். கவுண்ட் மிகக் குறைந்தவர்களுக்கு அது வரம். ஆனால் நீந்தும் வேலையைத்தான் அது மிச்சப்படுத்துகிறது. அணுவின் உள்ளே எழுதியிருப்பதை மாற்றாது. 'எவ்வளவு வயசானாலும் டெஸ்ட் டியூப் இருக்கு' என்று விளம்பரப் பலகை சொல்லும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

35-ஐத் தாண்டியவர்களுக்கு

மனைவிக்கு 35-க்குள் என்றால் ஒரு வருஷம், அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகச் சொல்வது பொது வழக்கம். கணவருக்கு 40 ஆகிவிட்டால், மனைவி சின்ன வயதுக்காரியாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் நாளே இருவரும் சேர்ந்து போக வேண்டும். பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி தேவை. ஒருமுறை குறைவாக வந்தால் அதை வைத்து முடிவு கட்டாமல், ஒரு மாதமாவது கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். காய்ச்சல் வந்தாலே அணுக்கள் குறைந்துபோகும்.

வயதைக் குறைக்க முடியாது. வயதோடு சேர்ந்து ஏறியவற்றைக் குறைக்கலாம். தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் சர்க்கரைக்காரர். கட்டுப்படாத சர்க்கரை அணுக்களின் இழையை உடைக்கிறது. நரம்பைக் கெடுத்து, விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பும்படியும் செய்கிறது. புகையும் மதுவும் தெரிந்த கதை. விரைகள் உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் வேலை செய்யும். உலை, பேக்கரி அடுப்பு, நெடுந்தூர லாரி எஞ்சின் பக்கத்தில் நாள் முழுவதும் இருப்பவர்கள் இதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். விதைப்பையில் ரத்த நாளங்கள் புடைத்துச் சுருண்டிருக்கும் வெரிகோசில் இருந்தால் அறுவை சிகிச்சையால் பலருக்குப் பலன் கிடைக்கிறது. எதை மாற்றினாலும் விளைவு தெரிய மூன்று மாதம் ஆகும். இப்போது உருவாகத் தொடங்கும் அணு வெளியே வர அவ்வளவு காலம் வேண்டும்.

ஒன்றைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்பதில் உடம்பு சோர்கிறது என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ போட்டுக்கொள்கிறார்கள். ஜிம்மில் உடம்பு ஏற்றத் தரும் ஊசிகளிலும் இதே சரக்குதான். ஆண் ஹார்மோன் ஏறினால் ஆண்மையும் அணுவும் ஏறும் என்ற நினைப்பு. நடப்பது தலைகீழ். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் 'போதும்' என்று மூளை தன் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விரையில் உற்பத்தி படுத்துவிடுகிறது. சிலருக்கு அணுக்கள் பூஜ்யமாகின்றன. நிறுத்தினாலும் திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள். பிள்ளை வேண்டும் என்பவர்கள் அந்த ஊசியின் பக்கம் போகவே கூடாது.

இளம் வயதில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் ஆண்கள் முதல் கீமோவுக்கு முன்பே விந்தை உறையவைத்துக்கொள்ள வேண்டும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அது பல ஆண்டு இருக்கும். வேலை, வெளிநாடு என்று தள்ளிப்போடுபவர்களும் இதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் தேவை என்று நான் சொல்ல மாட்டேன். 38 வயதில் இன்னும் ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடுபவர் ஒருமுறை யோசிக்கலாம்.

கணவருக்கு 40-க்கு மேல் இருந்து கர்ப்பம் உறுதியானால், அமெரிக்க மருத்துவ அமைப்புகள் அதை மூத்த தந்தை வயது என்று குறித்துக்கொண்டு தம்பதிக்கு விளக்கம் சொல்லச் சொல்கின்றன. நம் மருத்துவர்களும் சொல்லலாம். புதுப் பிழைகள் எல்லாவற்றையும் முன்கூட்டிக் காட்டும் ஒரே பரிசோதனை என்று எதுவும் கிடையாது. மூன்றாம் மாத ஸ்கேனையும் ஐந்தாம் மாத ஸ்கேனையும் தவறவிடாமல் எடுக்க வேண்டும். அகாண்ட்ரோபிளேசியா போன்றவை அவற்றில் பிடிபடாமல் ஏழாம் மாதவாக்கில்தான் தெரியவரும் என்பதால், கடைசி மூன்று மாதத்தில் இன்னொரு ஸ்கேன் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேட்கும்போது கணவரின் வயதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிறைய மருத்துவமனைகளில் அந்தச் சீட்டில் மனைவியின் வயதை மட்டும்தான் எழுதியிருப்பார்கள்.